கோயில் வாசல் வரைக்கும்

நைனா,

வீடு முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. அம்மா இன்று மாலை கடல் பக்கத்துச் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தாள். போன அமாவாசைக்கு உள்ளே வந்த கடல் தண்ணீர் அதில் ஒரு கறை விட்டுப் போயிருந்தது. அதை மறைக்கத்தான். அம்மாவும் தம்பியும் தூங்கிவிட்டார்கள். நான் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா பார்த்தால் கிழித்துப் போடுவாள்.

நாளைக்கு மறுபடியும் சர்க்கார் ஆட்கள் அளக்க வருகிறார்கள். கடல் எதுவரை வருகிறது என்று வீடு வீடாகக் கேட்பார்களாம். இங்கே வரவே வராது என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள்.

போன தடவை வந்தபோது நீ இருந்தாய். புயல் அடித்து ஓய்ந்திருந்த நேரம். மூன்று கால் கருவியோடு வந்தவர்கள் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டார்கள். எதற்கு என்று யாருமே திருப்பிக் கேட்கவில்லை. புயலுக்குப் பிறகு நம் ஊருக்கு வருகிற சார்கள் நிவாரணம் கொடுக்கத்தானே வருவார்கள். வீடுகளுக்கெல்லாம் பின்னால், ஏரிக்கரையில் இருக்கும் அம்மன் கோயிலை நீ கை நீட்டிக் காட்டினாய்.

“கோயில் வாசல் வரைக்கும் வந்துச்சு சார். எழுதிக்க.”

பின்வரிசை வீட்டு ஏழுமலை மாமா விடவில்லை. “உள்ளயே பூந்துச்சுன்னு சொல்லேன்யா. அம்மனுக்கும் ஒரு பொடவை கெடைக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். வந்தவரும் சிரித்துக்கொண்டேதான் எழுதினார்.

அரிசி வரவில்லை. கோயில் வாசலில் மஞ்சள் பூசிய கல் ஒன்றை நட்டார்கள். கல்லிலிருந்து கடல்வரை உள்ளதெல்லாம் கடலுக்குச் சொந்தமான இடம் என்று பிறகுதான் தெரிந்தது. மொத்த ஊரும் அதற்குள் இருந்தது. சிமெண்ட் வீடு கட்டலாமா என்று நீ கேட்டுப் போனபோது, கல்லுக்குக் கடல் பக்கம் கட்டக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் ஏரிச் சேறுதான் இருக்கிறது.

அனுப்பம்பட்டிலிருந்து வரும் என் வகுப்புத் தோழி ஒருநாள், ஏன் இப்படிச் சுவரோடு சுவர் ஒட்டி நெருக்கிக்கொண்டு கிடக்கிறீர்கள் என்று கேட்டாள். அதை உன்னிடம் வந்து சொன்னேன். விடியலில் வாசலில் நின்றபடியே தண்ணீரின் நிறத்தையும் பறவை இறங்கும் இடத்தையும் பார்த்து, வலையை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவன் நீ. “அவங்க ஊட்டாண்ட நின்னா நெல்லு தெரியும். எனக்கு இங்க நின்னாத்தான் மீனு தெரியும்” என்றாய்.

போன ஐப்பசி மழையில், வலையை நனையாமல் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த உன்மேல் ஏரிப் பக்கத்துச் சுவர் விழுந்தது. மண்சுவர்தானே என்று ஓடி வந்தவர்கள் சொன்னார்கள். மண்சுவர் அவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது நைனா.

அங்கே இப்போது கீற்று கட்டியிருக்கிறோம். தம்பி கடல் பக்கத்துச் சுவரடியில் தூங்குகிறான். நான் அடிக்கடி எழுந்து அதைத் தொட்டுப் பார்க்கிறேன். வெள்ளைக்கு உள்ளே இன்னும் ஈரம்.

பிள்ளைகளிடமும் கேட்பார்களாம். “வர்லன்னு சொல்லு, இன்னா?” என்று அம்மா சாயங்காலமே சொல்லிவிட்டாள். “கல்லுக்கு இந்தாண்ட கீறவங்கள கெளப்பிடுவாங்களாம். ரோட்டாண்ட போயி இன்னாத்த புடிக்கிறது?” கல் கடலோரமாக நகர்ந்துவிட்டால் சிமெண்ட் வீடு கட்டலாம் என்று நம்புகிறாள். சிமெண்ட் வீட்டுக்குள்ளும் கடல் வருமே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புயலன்று நீ என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாய். உன் இடுப்புவரை தண்ணீர். ஏழுமலை மாமா வீட்டுக்கு முன்னால் இருக்கும் பூவரச மரத்தடியில் இறக்கிவிட்டாய். “இங்க காஞ்சி கீது, நில்லு.” தண்ணீர் அதைத் தாண்டவில்லை. கோயிலை அது தொடவே இல்லை.

நாளைக்குக் கேட்டால் அந்த மரத்தைத்தான் காட்டுவேன். கல் அங்கே வந்தால் மாமா வீடும் அதற்குப் பின்னால் உள்ள ஊரும் பிழைக்கும். முன்வரிசையில் இருக்கும் நம் வீடு போய்விடும். அதற்கப்புறம் அம்மா என்னோடு பேசுவாளா, ஊர் எங்களை என்ன செய்யும், தெரியவில்லை.

ஆனாலும் நான் பார்த்தேன் நைனா. உன் தோள்மேல் உட்கார்ந்து, உன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, கடல் நம் வாசலில் ஏறியதையும் மரத்தடியில் நின்றதையும் பார்த்தேன்.