நாலு இன்புட்டும் தொண்ணூற்று சொச்சமும்

செவ்வாய், ஜூன் 8, 1999

காலையிலேயே வேர்வை. கத்திரி முடிந்ததாகக் காலண்டர் மட்டும்தான் சொல்கிறது. சாந்தோமிலிருந்து அடையாறு வரை நின்றுகொண்டே, அங்கே பஸ் மாறி கிண்டி. லேபில் ஏ.சி. உண்டு. மெஷினுக்காக, எங்களுக்காக இல்லை.

கெமிஸ்ட்ரிக்காரர்களிடம் கெஞ்சி வாங்கியதில் என்.எம்.ஆர். மெஷின் (காந்தத்தில் வைத்து அணுக்கருவைப் பார்ப்பது) நாலு நாள் எங்களுக்கு.

வி.எஸ். (என் கைடு) கட்டுரையை எழுதி முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக் கருத்தரங்குக்கு அனுப்பணும். குவாண்டம் கணினிக்கான லாஜிக் கேட் ஒன்று செய்தோம், துல்லியம் தொண்ணூற்று சொச்சம் சதவீதம் என்று முதல் பக்கத்திலேயே. ஏற்றுக்கொண்டால் நான் போய் வாசிக்கணும். அப்பா பாஸ்போர்ட் ஃபாரம் வாங்கியாச்சு. பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேரிடம் சொல்லியும் ஆச்சு.

செய்ய: சாம்பிள் ட்யூப் கழுவ. அணுக்கருவைப் புரட்டுகிற ரேடியோ பல்ஸ் நேரம் சரிபார்க்க. செருப்பு தைக்க.

புதன் 9

எனக்கே தெளிவாவதற்காக எழுதுகிறேன். ரெண்டு அணுக்கரு. முதலாவது 0 என்றால் இரண்டாவதைத் தொடக்கூடாது. 1 என்றால் புரட்டணும், 0-வை 1 ஆக, 1-ஐ 0 ஆக. அவ்வளவுதான் கேட். நாலு இன்புட்: 00, 01, 10, 11. நாலும் சரி. அதில் வந்ததுதான் அந்தத் தொண்ணூற்று சொச்சம்.

ஆனால் 0, 1 மட்டும் போதுமென்றால் சாதாரண சிப்பே போதுமே. ரெண்டும் கலந்த நிலையில் கணக்குப் போடத்தானே இந்தப் பாடு. இன்று மதியம் கலந்த இன்புட் கொடுத்துப் பார்த்தேன். துல்லியம் பாதியைத் தாண்டவே திணறுகிறது. மூணு தடவை. மூணும் அப்படியே.

பையன் மனப்பாடம் பண்ணி வந்த நாலு கணக்கை மட்டும் கேட்டு நூற்றுக்கு நூறு போடுகிற வாத்தியார் வேலை. ச்சே.

இத்தனை நாள் நானும்தான் இதைப் பார்க்கவில்லை. மார்ச் செமினாரில் அந்த நாலைக் காட்டிக் கைதட்டல் வாங்கியது நான். என் மேலேயே அந்தக் கோபம் வேறு.

வியாழன் 10

வி.எஸ்.ஸிடம் காட்டினேன். தாளைக் கையில்கூட வாங்கவில்லை. மெஷின் கோளாறாம். காந்தத்தைக் குளிர்விக்கிற நைட்ரஜன் குறைந்திருக்குமாம்.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் தேவராஜ் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். இருபது வருஷ சர்வீஸ். முகம் சுருங்கிவிட்டது. வி.எஸ். போனதும் என்னிடம்: "இன்னா மேடம் இது, காலைலதான் நான் நைட்ரஜன் ஊத்தினேன். மெஷின் சோக்கா கீது. உங்க கணக்கு தப்புன்னா மெஷின் இன்னா பண்ணும்?"

நியாயம். மதியம் முழுக்க மறுபடி ஓட்டினேன். அதே பாதி. டிபன் பாக்ஸ் திறக்கவில்லை, சாதம் ஊசிப்போச்சு. அம்மாவிடம் திட்டு.

வெள்ளி 11

மழை வருகிற மாதிரி இருட்டி ஏமாற்றியது. பத்து மணிக்கு வி.எஸ். அறை. கலந்த இன்புட் முடிவையும் சேர்க்கணும், இல்லையென்றால் 'நாலு இன்புட்டுக்கு மட்டும்' என்று ஒரு வரியாவது போடணும் என்றேன். ஒரே ஒரு வரி.

"நாலும் சரியா வந்துடுத்து. எல்லாரும் இதைத்தான் போடறா. உன் செமினார்ல நீ காட்டினதும் இதைத்தானே?"

சுருக்கென்றது. இருந்தாலும் விடவில்லை. அன்றைக்குத் தெரியாமல் செய்தேன், தெரிந்து செய்ய மாட்டேன் என்றேன். கோபத்தில் வாயில் வந்துவிட்டது:

"அந்த வரி இல்லைன்னா என் பேரை எடுத்துடுங்க சார்."

இறங்கி வருவார் என்றுதான் நினைத்தேன். ரெண்டு வருஷமாக அத்தனை பல்ஸும் ஓட்டியது நான். நான் இல்லாமல் எப்படி அனுப்புவார்?

பேனா மூடியைத் திறந்தார். என் பேர் மேல் ஒரு கோடு. "சரிம்மா" என்றார். டைப்பிஸ்டைக் கூப்பிட்டு முதல் பக்கத்தை மட்டும் மாற்றச் சொன்னார்.

மூணு மணிக்குக் கூரியர்காரர் வந்தார். கவரை ஒட்டுவதற்குள் எட்டிப் பார்த்தேன். என் பேர் இல்லை. தொண்ணூற்று சொச்சம் அப்படியே இருக்கிறது.