786 ஸ்டொக் இல்லை

786

கல்முனைக்குடி,
17.10.2010

அன்பு மகன் றமீஸுக்கு வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் தங்கச்சி றிஸ்லாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம், கட்டார் வெயிலில் உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று ஐந்து நேரமும் கேட்கிறோம். மேலே எழுதியிருக்கிற 786-ஐப் பார்த்து ஏதோ சாமான் நம்பர் என்று நினைத்துவிடாதே, ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று போகப் போக விளங்கும், உன் தங்கச்சி இரண்டு கிழமையாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். வாப்பா கடிதம் எழுதுகிறார் என்றதும் யாருக்கோ வருத்தம் என்று பயப்படவும் வேண்டாம். போனில் நான் சலாம் சொல்வேன், நீ பதில் சொல்வாய், உடனே நான் போனை உம்மாவின் கையில் கொடுத்துவிடுவேன், நாலு வருடமாக நம் இரண்டு பேரின் கதை அவ்வளவுதான். இந்த விஷயம் அந்தச் சலாமுக்குள் அடங்காது. மகன், நம் வீட்டில் ஒரு கொம்பியூட்டர் செய்திருக்கிறோம். வாங்கவில்லை, செய்திருக்கிறோம். ஒவ்வொரு சாமானாகத் தெரிந்தெடுத்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, நானும் றிஸ்லாவும் எங்கள் கையால் பூட்டினோம். அதுவும் கணக்கு எழுதுகிற கொம்பியூட்டர் இல்லை, கேம் விளையாடுகிற கொம்பியூட்டர். கையெழுத்தை நன்றாகப் பார், உன் வாப்பாதான் எழுதுகிறேன்.

இது எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். நோன்புப் பெருநாள் அன்று நீ போன் எடுத்து றிஸ்லாவுடன் கதைத்துக்கொண்டிருந்தாய் அல்லவா, அவள் போனைச் சத்தமாக வைத்திருந்தாள், நான் ஹோலில் பேப்பர் பார்க்கிறவன் மாதிரி இருந்தேன். கூட்டாளியின் அறையில் வெள்ளிக்கிழமைகளில் கேம் விளையாடுகிற கதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் நீ சொன்னாய், "ஊருக்கு வந்தா நல்ல மிஷின் ஒண்டு செட் பண்ணோணும் தங்கச்சி" என்று. அவள் அதைக் கவனிக்கவே இல்லை, வேறு கதைக்குப் போய்விட்டாள். எனக்குப் பேப்பரில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. நாலு வருடத்தில் இரண்டு லீவு வந்தும் வராமல் இருந்த பிள்ளை, உம்மா எத்தனை தரம் கேட்டும் பார்ப்போம் பார்ப்போம் என்று மட்டும் சொல்கிற பிள்ளை, தன் வாயால் "வந்தா" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரவு முழுக்கக் கிடந்தேன், விடிந்ததும் றிஸ்லாவைக் கூப்பிட்டு அவன் சொன்ன மிஷினுக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று கேட்டேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சலோ என்று. அவள் படிக்கிற கொம்பியூட்டர் கோர்ஸ் இந்த விஷயத்துக்குத்தான் உதவப் போகிறது என்று யார் கண்டது.

பிறகு மாறி மாறி குணத்தின் கடைக்கு நடந்தோம். பாண்டிருப்புக் குணத்தை உனக்குத் தெரியும், பஸாரில் கொம்பியூட்டர் திருத்துகிறவன், உன்னோடு பந்தடித்தவன். நான் முதலில் இரண்டு நீல லைட் எரிகிற கேசிங் ஒன்றைப் பார்த்து அதுதான் வேண்டும் என்று நின்றேன், பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருந்தது. குணம் சிரித்துவிட்டு, மாமா லைட்டா விளையாடப் போகுது, இருக்கிற காசை உள்ளுக்குப் போடுங்க என்றான். அது எனக்கு உடனே பிடிபட்டது. முப்பது வருடமாக டிராக்டர் சாமான் விற்கிறவன் நான், பெயின்ற் நல்லா இருக்கிறது என்று ஒருவனும் எஞ்சின் வாங்க மாட்டான் என்று எனக்குத் தெரியாதா. அதனால் கேசிங் வெறும் கறுப்புத் தகரம், ஆனால் காற்று போக நல்ல இடம் இருக்கிறது. புரொசஸருக்கு இரண்டு கட்சி, இன்டெல், ஏஎம்டி. பெயர் கேட்ட சாமான் இன்டெல்தான் என்று நான் சொன்னேன், அந்த விலைக்கு ஏஎம்டியில் இதைவிட வேகமானது வரும் என்று றிஸ்லா சொன்னாள், குணமும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டான், நான் தோற்றேன், சந்தோசமாகத்தான் தோற்றேன். அன்றைக்கே குணத்திடம் அந்தப் புரொசஸரை வாங்கிக்கொண்டோம். றாம் மெமரி மட்டும் ஏன் பெரியதாக ஒன்று வாங்காமல் சின்னதாக இரண்டு என்று கேட்டதற்கு, ஒரு வாய்க்காலில் வருகிற தண்ணீரை இரண்டு வாய்க்காலில் விட்டால் வயல் கெதியாக நிரம்பாதா என்று அவள் கேட்டாள், இறக்காமத்துக் காணியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அல்லவா. மொனிட்டர் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டாய். சுனாமிக்குப் பிறகு வந்து வீடு கட்டிக் கொடுத்த ஒரு நிறுவனம் ஒபிஸை மூடிக்கொண்டு போகிறார்கள், சாமானெல்லாம் ஏலம், பத்தொன்பது அங்குல மொனிட்டரை அரை விலைக்கு எடுத்தேன், அவர்களுடைய நம்பர் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் பின்பக்கம் இருக்கிறது, உரிக்க மனம் வரவில்லை. பவர் சப்ளையில் மட்டும் ஒரு சதமும் குறைக்கவில்லை. கேசிங்கோடு சும்மா வருகிறதைப் போட்டால் ஒரு நாள் எல்லாவற்றையும் எரித்துவிடும் என்று குணம் சொன்னான், அதனால் தேவைக்கு மேலேயே பெரியதாக எடுத்தோம். ஏன் மேலே என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி 786-இன் கதையைக் கேள். மதர்போட்டும் பவர் சப்ளையும் றாமும் கொழும்பில் விலை குறைவு என்பதால், துணி எடுக்கப் போகிற நம் பக்கத்துக் கடை முகைதீன்பாவாவிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன். றிஸ்லா குசினிக்குள் இருந்து சொல்லச் சொல்ல நான் இங்கிலீசில் எழுதினேன். வழக்கம்போல் பிஸ்மிக்குப் பதிலாக முதலில் மேலே 786 போட்டேன், அதற்குக் கீழே மதர்போட் என்று எழுதினேன். அவள் ஏஎம் த்ரீ, ஏஎம் த்ரீ என்று இரண்டு தரம் கத்தினாள். அது அந்தப் புரொசஸர் போய் உட்காருகிற இடத்தின் பெயராம், எனக்கு எங்கே தெரியும், முகைதீன்பாவாவின் பஸ் கொழும்பில் விடிய மூன்று மணிக்குப் போய்ச் சேரும் என்று சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, ஓம் மகள், அவருக்கு அது தெரியும் என்று பதில் சொல்லிவிட்டேன். கொழும்புக் கடைக்காரன் துண்டைப் பார்த்தால் மேலே 786, கீழே மதர்போட். 786 என்று ஒரு போட் உலகத்தில் இல்லை, ஆனால் இன்டெல்லுக்கு 775 என்று ஒன்று இருக்கிறதாம், பாவம், ஊர்க்காரர் நம்பரைப் பிழையாக எழுதிவிட்டார் என்று இரக்கப்பட்டு அதைக் கட்டிக் கொடுத்துவிட்டான். பெட்டி வந்த அன்று முகைதீன்பாவாவிடம் நான் முதலில் கேட்டது வழியில் எத்தனை இடத்தில் திறந்தார்கள் என்று. ஒருத்தரும் திறக்கச் சொல்லவில்லை என்றார். நம்பாமல் இன்னொரு தரம் கேட்டேன். போன வருடத்துக்கு முந்தின வருடம், சண்டை நேரத்தில், ஒரு பம்ப் மோட்டர் கொண்டு வர எத்தனை செக் பொயின்டில் இறக்கி ஏற்றினோம், இப்போது வயரும் தகடுமாக ஒரு பெட்டி கொழும்பிலிருந்து கல்முனைக்கு ஒட்டின டேப் ஒட்டினபடியே வந்து சேர்ந்திருக்கிறது. அந்தச் சந்தோசத்தில் டேப்பை நானே வெட்டினேன். பார்த்தால் புரொசஸரின் அடியில் சின்னச் சின்ன முள், மதர்போட்டிலும் சின்னச் சின்ன முள், ஓட்டை ஒரு பக்கமும் இல்லை. உன் உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாப்பிளையக் கொண்டு வந்து வெச்சிக்கிட்டுப் பொண்ணத் தேடுறீங்களே" என்றாள். அடியில் என் துண்டு மடித்து வைத்திருந்தது, 786-க்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஸ்டொக் இல்லை, பதிலுக்கு 775 என்று எழுதியிருந்தான். றிஸ்லா நிலத்தில் உட்கார்ந்து சிரித்தாள். பிஸ்மிக்கே ஸ்டொக் இல்லாத கடையில் என்ன பரக்கத் இருக்கப் போகிறது என்று உம்மா சொல்ல எனக்கும் அடக்க முடியவில்லை, இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் அப்படிச் சிரித்து எத்தனை காலம். நல்ல மனிதர்கள், அடுத்த கிழமை முகைதீன்பாவா கொண்டுபோய்க் கொடுத்ததும் ஒன்றும் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது துண்டிலும் 786 போட்டேன், விட மாட்டேன், ஆனால் மூலையில் சின்னதாக.

போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பூட்டத் தொடங்கினோம். உடம்பில் இருக்கிற கரன்ட் பட்டாலே போட் பழுதாகும் என்று றிஸ்லா என் டெட்ரோன் சேட்டைக் கழற்றச் சொன்னாள், பருத்திச் சாரனோடும் பனியனோடும் நின்று, ஒவ்வொரு தரமும் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்து வேலை செய்தேன். புரொசஸர் ஒரு தள்ளும் தள்ளாமல் தானாக உட்கார்ந்தது. அதன் மேலே ஒரு பசை வைக்க வேண்டும், அரிசி மணி அளவு என்றாள். எந்த அரிசி, சம்பாவா நாட்டரிசியா என்று கேட்டேன், சம்மாந்துறை மில்லுக்குச் சாமான் கொடுக்கிறவன் கேட்காமல் இருப்பானா. புத்தகத்தில் அது போடவில்லை வாப்பா என்றாள், கடைசியில் சம்பா அளவு வைத்தோம், சரியாக இருந்தது. எல்லாம் பூட்டி ஸ்விட்சை அமத்தினால் காற்றாடி சுற்றுகிறது, மொனிட்டர் கறுப்பு. குணத்துக்குப் போன் அடித்தோம், மூலையில் நாலு ஓட்டையுள்ள குட்டி வயர் ஒன்றைப் பூட்டினீர்களா என்று கேட்டான், அது பவர் சப்ளைக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது. அதைப் பூட்டி மறுபடி அமத்தியதும் டிக் என்று ஒரு சின்னச் சத்தம், பிறகு எழுத்து வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் மதிலால் எட்டிப் பார்த்தார்கள்.

இப்போது கடைசிச் சாமானுக்கு வருகிறேன். கேமுக்கு வேண்டிய, படத்தை வேகமாக ஓட்டுகிற வீஜிஏ காட்டை நாங்கள் வாங்கவில்லை. காசு பவர் சப்ளைக்கும் நல்ல மதர்போட்டுக்கும் போய்விட்டது என்பது உண்மைதான், ஆனால் சும்மா ஒரு மலிவுக் காட்டைப் போட்டிருக்கலாம், றிஸ்லாவும் அதைத்தான் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். காட் போகிற நீள இடம் வெறுமையாக இருக்கிறது, அதற்கென்று பவர் சப்ளையிலிருந்து வருகிற தனி வயர் ஒன்றிலும் பூட்டாமல் ஒரு பக்கமாகக் கட்டிக் கிடக்கிறது. அது இல்லாமல் அந்தக் கார் ஓட்டுகிற கேமைப் போட்டுப் பார்த்தேன், கார் ஒரு இடத்தில் நின்று யோசித்து யோசித்துத்தான் போகிறது. காட் கட்டாரில் மலிவு என்று நீயே றிஸ்லாவுக்குச் சொன்னாயாம். அதை நீ கொண்டு வர வேண்டும் என்றுதான் பவர் சப்ளையைப் பெரியதாக எடுத்து இடத்தையும் விட்டு வைத்தேன்.

றமீஸ், இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதுதான் கடிதம். அந்த டிசம்பர் இருபத்தாறு உனக்கும் மறந்திருக்காது. நாங்கள் மூன்று பேரும் சம்மாந்துறையில் கல்யாண வீட்டில், உன்னை நான் கடற்கரைத் தெரு வீட்டில் படிக்கச் சொல்லி விட்டுவிட்டுப் போனேன், வாசலை விட்டு இறங்கினால் காலை முறிப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். கடல் வந்த செய்தி கேட்டுத் திரும்பி ஓடி வந்தபோது வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. அஸர் தொழுகை நேரம் வரைக்கும் ஒவ்வொரு ஜனாஸாவாகத் துணியை நீக்கி முகத்தைப் பார்த்தேன் மகன். பிறகு சனம் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் உன்னைக் கண்டேன். எங்கடா போயிருந்தாய் என்று கேட்டேன். "கேம் கடைக்கு வாப்பா" என்று சொன்னாய். அத்தனை சனத்துக்கு முன்னால் உன் கன்னத்தில் அடித்தேன். ஏன் அடித்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ உயிரோடு நிற்கிறதைக் கண்டு என் நெஞ்சு தாங்கவில்லை, கை தானாகப் போனது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீ என் பேச்சைக் கேட்டிருந்தால் இன்றைக்கு நான் யாருக்குக் கடிதம் எழுதுவேன். என் சொல்லைத் தட்டிவிட்டு அந்தக் கடை மாடியில் கேமுக்கு முன்னால் போய் இருந்தாயே, அதுதான் உன்னை எங்களுக்கு மிச்சம் வைத்தது, அல்லாஹ் அப்படி எழுதியிருந்தான். அந்தப் பிள்ளையை நான் அடித்தேன். ஆறு வருடமாக அது என் கையில் இருக்கிறது. வாப்பாவை மாப் பண்ணிவிடு மகன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் சரியாக ஒரு மாதம் இருக்கிறது. லீவு தருவார்களா என்று நாளைக்கே கேள். உம்மா உனக்கென்று ஒரு அறையைக் கூட்டி மெழுகி வைத்திருக்கிறாள், மேசையும் அங்கேதான். வெயிலில் தொப்பி போடு, தண்ணீர் குடி, ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் படுக்காதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் ரிஸ்கையும் தந்து, போன காலோடு பத்திரமாக வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்து சேர்க்கட்டும். வந்து நீ விரும்பின நேரம் விளையாடு, விரும்பின நேரம் வெளியே போ, வா. எங்கே போயிருந்தாய் என்று இனி நான் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
அப்துல் ஸமட்

மறக்க வேண்டாம்: முகைதீன்பாவாவின் மருமகன் அடுத்த கிழமை கட்டாரிலிருந்து வருகிறானாம். காட்டை அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும். கொடுத்தனுப்பாதே. நீயே கொண்டு வா.