அடைபட்ட குழி

கொழும்பு, 1936 கார்த்திகை 28

அன்புள்ள மதலேனாளுக்கு,

மடுமாதா துணையால் நான் சுகம். உன் முழங்கால் நோவு தணிந்ததா?

உன் கடிதம் கண்டு கொதித்துப்போனேன். நம் படுக்கையறைத் தரையில் ஊறும் உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும் என்று, துறைமுகமெல்லாம் தேடிப் பித்தளைக் கைப்பம்பு அனுப்பினேன். அறையின் பள்ளமான மூலையில் குழி தோண்டி, ஓட்டைகள் விட்டுக் கல் கட்டினால் அந்தத் தண்ணீர் அதற்குள் வடியும், பம்பால் இறைத்துவிடலாம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். வள்ளம் கட்டும் உன் மருமகன் சவிரியான் ஓட்டைகளைக் கண்டதும் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்துவிட்டானாம். "ஒரு சொட்டும் உள்ள வராது, மாமாவுக்கு எழுதுங்கோ மாமி" என்றானாம். வராதுதான். குழி காய்ந்து கிடக்கிறது, நீ கணுக்கால் தண்ணீரில் நிற்கிறாய்.

அது வள்ளமல்ல என்று அவனிடம் சொல். இந்தக் கடிதம் கண்ட அன்றே அடைத்தவனே திறக்கட்டும். பம்புக்குள் இருக்கும் தோலுக்கு வாரம் ஒருமுறை தேங்காயெண்ணெய் விடு.

பாரைக் கருவாடு கொஞ்சம் அனுப்பு. கடைச் சோறு இறங்குவதில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வர லீவு கேட்டிருக்கிறேன்.

தபால் கந்தோர் மூடப்போகிறது. தண்ணீர் வடியும்வரை கட்டில் கால்களுக்குக் கல் வை. என் தலையணையையும் நனையாமல் மேலே எடுத்து வை.

உன் கணவன்,
பஸ்தியான்