வில்லோ மேயின் பிள்ளைகள்

ஒக்டோபர் 6, திங்கள்

விடியமுதலே மழை. லாயத்து முற்றம் முழுக்கச் சேறு. இடது பூட்சில் ஓட்டை, காலுறை நனைந்துவிட்டது. புதிது வாங்க வேண்டும்.

எட்டு அறையும் சாணி அள்ளி முடிய, முதலாளியம்மா ஃபிராவ் ஹெல்ம் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் தந்தார். மூன்று வருடத்தில் முதல் தடவை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

பெண்குதிரை நோராவை விற்கப் போகிறாராம். வாங்க வருகிறவர்கள் தாய்வழி கேட்பார்கள். நோராவின் தாய் வாண்டா நான் வர முதலே செத்துவிட்டது. வாண்டாவின் தாய், எங்கள் கணக்கில் நோராவின் அம்மம்மா, ஒரு அமெரிக்கக் குதிரை. சாடில்பிரெட் சாதி. கழுத்தை நிமிர்த்தி, முழங்காலை உயரத் தூக்கி நடக்கும். இங்கே ஜெர்மனியில் அருமை. பெயர் வில்லோ மே. காலமான ஹெல்ம் ஐயா விமானத்தில் வரவழைத்துக் குட்டிகள் எடுத்தாராம். அந்தக் குட்டிகள் எங்கே போயின, என்ன பெயர் எடுத்தன, ஒன்றும் தெரியாது.

"இடைவேளை முழுக்க உங்கள் போன் அடிக்கிறதே, ராணி. ஆட்களைப் பற்றி உங்களிடம்தானே விசாரிக்கிறார்கள். குதிரையையும் விசாரியுங்களேன்."

உண்மைதான். கனடாவில், பாரிசில், லண்டனில் கலியாணம் பேசுகிறவர்கள் எனக்குத்தான் எடுப்பார்கள். இன்னாருடைய மகன் எப்படி? தகப்பன் குடிப்பாரா? பரம்பரையில் நோய், வருத்தம் ஏதும் உண்டா? இருபது வருடமாக இந்தச் சம்பளமில்லாத உத்தியோகம். பெருமையாகத்தான் இருந்தது. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஒக்டோபர் 8, புதன்

மழை விட்டது, பனிமூட்டம். வேலை முடிந்தபின் ஹெல்ம் ஐயாவின் நீல மட்டைக் கொப்பியோடு ஒரு மணித்தியாலம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. குட்டிகள் நாலு:

வில்லி, ஆண். காசலுக்கு.
வெரா, பெண். டிரெஸ்டன் பக்கம்.
வின்சென்ட், ஆண். பிரேமன்.
வாண்டா, பெண். விற்கவில்லை.

தகப்பன் பெயர் நாலுக்கும் முழுதாக, அடிக்கோடு போட்டு. தாயின் பெயர் முதல் இரண்டுக்கு முழுதாக. மூன்றாவதற்கு 'வி.மே.' மட்டும். நாலாவதற்கு வெறும் கோடு. பெற்றவளுக்குக் கோடு!

வீடு முழுக்கக் குதிரைப் படம். கழிவறையில்கூட இரண்டு. வில்லோ மேயின் படம் மட்டும் எங்கும் இல்லை. ஏன் என்று ஃபிராவ் ஹெல்மைக் கேட்டேன். "அவள் இங்கே அதிக காலம் இருக்கவில்லை" என்றார். எழுந்து நாய்க்குச் சாப்பாடு வைக்கப் போனார். நாய் காலையிலேயே சாப்பிட்டது. நான்தான் வைத்தேன்.

ஒக்டோபர் 9, வியாழன்

காசல் கிடைத்துவிட்டது! ஜெயா அக்காவின் மகள் அங்கே குதிரை ஓட்டப் பழகுகிறாள். அவளிடமிருந்து கிளப், கிளப்பிலிருந்து வில்லியின் பழைய சொந்தக்காரி. மூன்று போன், இருபது நிமிடம். என்னை ஒருவரும் வெல்ல ஏலாது.

அந்த அம்மா முதலில் வில்லியின் அழகையே சொன்னார். பிறகு குரல் இறங்கியது. ஆறு வயதில் பின்பக்கம் ஆடத் தொடங்கியதாம். திருப்பத்தில் பின்கால் ஒன்றோடொன்று மாட்டும். எழுப்ப முடியாமல் ஒருநாள் ஊசி போட்டுச் சாகவிட்டார்கள். "எங்கள் பிழைதான். வழுக்குகிற தரையில் விட்டுவிட்டோம்." இத்தனை வருடத்துக்குப் பிறகும் அழுகிறார்.

பாவம். கொப்பியில் வில்லிக்கு நேரே குறித்தேன். ஃபிராவ் ஹெல்முக்கு இன்னும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 11, சனி

பூட்ஸ் வாங்கவில்லை. மறந்துபோனேன்.

டிரெஸ்டனில் ஆராய்ச்சி படிக்கிற ஒரு தமிழ்ப் பிள்ளை எனக்காக ஒரு ரயில் ஏறிப்போய் விசாரித்தாள். வெராவை வாங்கிய விவசாயி இருக்கிறார். வெரா எந்நேரமும் சுவரில் சாய்ந்தபடி நிற்குமாம். ஐந்தரை வயதில் விழுந்தது, பிறகு எழும்பவில்லை. தீனியில் ஏதோ சத்துக் குறைவு, தான்தான் கவனிக்கவில்லை என்று சொன்னாராம்.

பிரேமனுக்கு நானே எடுத்தேன். வின்சென்ட் என்று வாய் திறந்தேன். அந்த மனிதர் போனை வைத்துவிட்டார்.

இவரிடம் சொன்னேன். பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்த என் மனுசனுக்குக் களைப்பு. "குதிரைக்குமோ வருத்தம் விசாரிக்கிறீர்?" என்று சிரித்துவிட்டுப் படுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

லாடம் அடிக்கிறவர் வந்தார். நோராவின் பின்கால் குளம்பு இரண்டும் முன்நுனியில் தேய்ந்திருக்கிறது. "சோம்பேறிப் பெண். காலைத் தூக்காமல் இழுக்கிறாள்" என்று கழுத்தில் தட்டிவிட்டுப் போனார். ஃபிராவ் ஹெல்ம் கூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

நோராவுக்கு வைகாசியில் ஐந்து முடிந்தது. கதவால் கொண்டுவரும்போது இடுப்பு நிலைமரத்தில் இடிபட்டது. இதற்கு முன்னும் இடிபட்டதா, நான்தான் பார்க்கவில்லையா?

பகல் பிரேமன்காரர் தானாகவே எடுத்தார். மெல்லிய குரல். "நீங்கள் விற்கிறீர்களா, வாங்குகிறீர்களா?" இரண்டும் இல்லை என்றேன். "வின்சென்ட் என் மனைவியோடு விழுந்தது. குதிரை அன்றே செத்துவிட்டது. மனைவி நடப்பதில்லை." பிறகு கேட்டார்: "மற்றக் குட்டிகள் நன்றாக இருந்தனவா? எங்களுடையதுக்கு மட்டும்தானா இப்படி?"

தெரியாது என்றேன். தெரியும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

கொப்பியின் கடைசிப் பக்கம் மட்டையோடு ஒட்டியிருந்தது. இன்று மெதுவாகப் பிரித்தேன். வாண்டா செத்த திகதி. பக்கத்தில், ஜெர்மனில், மூன்று சொல்: தாயைப் போலவே. வெராவைப் போலவே என்று கீழே. வயிற்றுவலியில் செத்தது என்றல்லவா முதலாளியம்மா எனக்குச் சொன்னார்?

ஆக, ஹெல்ம் ஐயாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் தாயின் பெயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்திருக்கிறார்.

கொண்டுபோய்க் காட்டினேன். ஃபிராவ் ஹெல்ம் கண்ணாடி போடாமலே பார்த்தார். வாசிக்கத் தேவை இருக்கவில்லை.

"பெயரும் நிறமும் மட்டும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். அழகான குடும்பம் என்று எல்லாரும் சொன்னார்கள்தானே? அது பொய் இல்லையே."

"நோராவில் ஏறி யாரும் விழுந்தால்?"

"மிருக வைத்தியரைக் கொண்டு பரிசோதித்துத்தான் வாங்குவார்கள். உங்கள் வேலை லாயத்தில், ராணி."

எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலு பெயர், நாலு நிறம். நல்ல எழுத்தில்.

ஒக்டோபர் 16, வியாழன்

நித்திரை இல்லை. சாந்தியை நினைத்துக்கொண்டே கிடந்தேன். இதை எங்கேயும் எழுதியதில்லை.

பத்து வருடத்துக்கு முன் ரொறன்ரோவிலிருந்து சாந்தியின் தாய் எடுத்தார். அங்கே உங்கள் பக்கத்தில் ஒரு பொடியனைப் பேசியிருக்கிறோம், எப்படி? பொடியன் தங்கம். ஆனால் தகப்பனுக்கும் பெரியப்பாவுக்கும் நாற்பதில் கை நடுங்கத் தொடங்கி, பிறகு நடை போய், பிறகு பேச்சும் போனது எனக்குத் தெரியும். நல்ல குடும்பம் அக்கா, யோசிக்காமல் செய்யுங்கோ என்றேன். என் வாயால் ஒரு சம்பந்தம் குழம்பக் கூடாது. விசாரித்துச் சொல்கிறவர்களுக்கு எல்லாம் இதுதான் சட்டம். ஒருவரும் எழுதி வைக்கவில்லை, ஒருவரும் மீறுவதும் இல்லை.

மான்ஹைம் தமிழ்க் கடையில் சாந்தியைக் காண்பேன். புருஷனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவாள். என்னைக் கண்டால் முகம் மலரும். எனக்குத் தெரிந்திருந்தது என்று அவளுக்குத் தெரியாது. கத்தரிக்காய் பொறுக்கி எடுக்கிற சாட்டில் குனிந்துவிடுவேன்.

ஒக்டோபர் 18, சனி

வாங்குகிறவர்கள் வந்தார்கள். தமிழர்கள்! வால்டோர்ஃபில் கொம்பியூட்டர் வேலை. கோயம்புத்தூர்க்காரர் கார்த்திக், மனைவி காவ்யா. காவ்யா மூன்று வருடமாகக் குதிரை ஓட்டப் பழகுகிறாள். நோராவின் மூக்கில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். வைத்தியர் பார்த்து, படம் எல்லாம் எடுத்து, சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

என் தமிழைக் கேட்டதும் கார்த்திக்குக்குச் சந்தோசம். ஓரமாகக் கூட்டிப்போனார்.

"அக்கா, நீங்க டெய்லி பாக்குறீங்க. ஓப்பனா சொல்லுங்க. இவ குடும்பத்துல ஏதாவது ஹெல்த் ப்ராப்ளம் இருக்கா? ஓட்டப்போறது காவ்யாதான், அதான் கேக்குறேன்."

ஃபிராவ் ஹெல்ம் பத்தடி தள்ளி, ஜக்கெட்டுக்குள் கை. அவருக்குத் தமிழ் ஒரு சொல் விளங்காது. எல்லாம் விளங்கியது.

"நல்ல குடும்பம் தம்பி. யோசிக்காமல் எடுங்கோ."

அதே சொல். அதே குரல். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தேங்க்ஸ் அக்கா. உங்க ஒரு வார்த்தை போதும்."

ஒக்டோபர் 19, ஞாயிறு

சாப்பிடவில்லை. இவரிடம் சொன்னேன்.

"உமக்கேன் தேவையில்லாத வேலை? டொக்டர் பாத்தவர்தானே. அவையள் படிச்ச ஆக்கள், பாத்துக்கொள்ளுவினம்."

"நான் பாத்ததை டொக்டர் பாக்கேல்லை."

"அப்ப நேத்தைக்கே சொல்லியிருக்க வேணும்" என்றார். அதுதான் உண்மை. கோபம் வந்தது.

ஒக்டோபர் 21, செவ்வாய்

வெயில். நோரா போய்விட்டது. வண்டியின் சரிவுப் பலகையில் ஏறும்போது பின்கால் இரண்டு தடவை தவறியது. பயம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஃபிராவ் ஹெல்ம் எனக்குச் சொக்லேட் பெட்டி தந்தார். பஸ் தரிப்பிடத்தில் ஒரு கிழவருக்குக் கொடுத்துவிட்டேன்.

கார்த்திக்கின் இலக்கம் போனில் இருக்கிறது. உடுப்புத் தோய்த்துவிட்டு எடுப்போம் என்று இருந்தேன். பிறகு கறி. பிறகு அவர்கள் வேலையில் இருப்பார்கள் என்று. நாளைக்கு.

ஒக்டோபர் 22, புதன்

நாளைக்கு.

ஒக்டோபர் 24, வெள்ளி

காலை பத்து மணிக்கு எடுத்தேன். கார்த்திக்தான். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். நேற்று மைதானத்தில், மெதுவான ஓட்டத்தில், ஒரு சின்ன வளைவு. பின்பக்கம் அப்படியே சரிந்து குதிரை காவ்யாவின் மேல். நோராவுக்கு ஒரு காயமும் இல்லையாம். இடுப்பெலும்பு. சத்திரசிகிச்சை முடிந்துவிட்டதாம். எப்போது நடப்பாள் என்று இன்னும் சொல்லவில்லையாம்.

"நீங்க எப்படி கரெக்டா இன்னைக்கு கால் பண்ணீங்க அக்கா?"

சும்மா என்றேன்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்கு வைத்த நாள். அதை மறந்து நேரத்தோடு போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். குளிர். திரும்பி ஓடிவிட நல்ல அவகாசம். ஓடவில்லை.

காவ்யா படுத்தபடி சிரித்தாள். உதடு வெடித்திருந்தது. "என் தப்புதான் அக்கா. வளைவுல நான்தான் டைட்டா இழுத்துட்டேன். நோரா பாவம்."

இவளும் தன் பிழை என்கிறாள்! காசல் அம்மா, டிரெஸ்டன் விவசாயி, இப்போது இவள். அதற்கு மேல் தாங்க ஏலவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாலு குட்டி, கொப்பி, பிரேமன். எனக்குத் தெரிந்திருந்தது என்பதையும்.

காவ்யா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். ஏசியிருந்தால் நல்லது.

கார்த்திக் என்னை வெளியே கூட்டிவந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இது வேற யாருக்காவது தெரியுமா அக்கா?"

"நான் ஒருவருக்கும் சொல்லேல்லை."

"குட். கேஸ் போட்டா வருஷக்கணக்கா இழுக்கும். எனக்கு அந்தக் குதிரைய பாக்கவே பிடிக்கல. வெள்ளிக்கிழமையே ஆட் போட்டுட்டேன். வடக்கே ஒரு லேடி இன்ட்ரஸ்டடா இருக்காங்க, அவங்க பொண்ணுக்காம். தெரிஞ்சவங்க யாராவது சொன்னா நல்லாருக்கும்னாங்க. உங்க நம்பர் குடுத்திருக்கேன்." கண் சிவந்திருந்தது. நல்ல பிள்ளை. மூன்று நாளாகத் தூங்காத பிள்ளை. "என்கிட்ட சொன்னீங்கல்ல, அதே மாதிரி சொல்லிடுங்க. போதும். நீங்க எனக்கு அவ்வளவாவது செய்யணும்."

ரயிலில் ஒரு நிலையம் தள்ளி இறங்கிவிட்டேன். நடந்தே வந்தேன்.

ஒக்டோபர் 29, புதன்

மழை, காற்று. ஃபிராவ் ஹெல்மின் முகம் இன்று ஒரு மாதிரி, ஏதோ கேள்விப்பட்டிருக்கிறார். வேலை இருக்குமோ தெரியாது.

பகல் ஒரு மணி. சோறு கொதிக்கும்போது போன் அடித்தது. தெரியாத இலக்கம். அமைதியான ஒரு ஜெர்மன் பெண் குரல். மகளுக்குப் பதினாறு வயதாம். நோராவின் படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவிட்டாளாம். "அந்தக் குடும்பத்தை உங்களைப் போல வேறு யாருக்கும் தெரியாது என்றார்கள். ஒரு குறையும் இல்லைதானே?"

ஓம் என்ற ஒரு சொல் போதும். அவர் அதற்காகத்தான் காத்திருந்தார். கார்த்திக்கும் எங்கேயோ அதற்காகத்தான்.

அடுப்பை அணைத்தேன். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். எழுதப் பேனா இருக்கிறதா என்று கேட்டேன்.

இருக்கிறதாம்.

"முதலில் தாயின் தாய்" என்றேன். "பெயரை முழுதாக எழுதுங்கள்."