வாசலுக்கு வந்த எல்லைக்கல்

மன்ஸ்டர், மலையடி மடம்

அன்பு மனைவி லாசர், நீயும் மாடுகளும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், படித்துவிட்டுப் பதறாதே.

இன்று இங்கே நாங்கள் கட்டும் கோயிலின் வாசலுக்கு மேல் வைக்க ஒரு கல்லைத் தூக்கினோம். விளிம்பில் வெட்டிய கோடுகள் கையில் தட்டுப்பட்டன. நம் பழைய ஓகம் எழுத்துகள்; கீழிருந்து மேலாகத் தடவிப் படித்தேன். என் தாத்தா லுகைதின் பெயர். நம் நிலத்து எல்லையில், அவரைப் புதைத்த குழியின் தலைமாட்டில் நின்ற கல்!

"என்ன பெரியவரே, கல்லைக் கொஞ்சுறீங்க? தூக்குங்க" என்றார் வேலையை மேற்பார்வை பார்க்கும் துறவி செனான்.

"இது எங்க தாத்தா கல்லுய்யா. யாரு கொண்டாந்தது?"

"உங்க மகன் ரூவான்தான். காணிக்கைன்னு வண்டியில கொண்டாந்து எறக்குனான். தாத்தா சாமி வாசல்ல இருந்தா கசக்குதா?"

அந்தக் கல் இல்லையென்றால் நிலம் நம்முடையது என்று நீதிபதிக்கு எதைக் காட்டுவது? பக்கத்து நிலத்து ஃபியாக்ரா, நிலம் தனதென்று உரிமை கொண்டாட, வழக்கப்படி குதிரைகளை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுவானே! பெற்ற மகனுக்கு இதுகூடவா தெரியாது?

கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிக்கலைன்னா உங்களையும் சேர்த்து வாசல்ல வெச்சிருவோம்" என்றார் செனான்.

"வெச்சுக்க" என்றேன்.

கல் பிடுங்கிய குழியை யாரையும் மூடவிடாதே. ரூவானை அதே வண்டியோடு உடனே அனுப்பு. என் கம்பளிப் போர்வையும் கொஞ்சம் வெண்ணெயும் கொடுத்துவிடு. கல் ரொம்பக் குளிர்கிறது, பேச்சுத் துணைக்கும் ஆளில்லை.

கடிதம் கொண்டுவருபவர் மடத்து வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். நான் எழுந்து போய்க் கொடுக்கமாட்டேன். அவரே இங்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

உன் துபான்