சவுக்கு முட்டு எடுக்கும் நாள்

ஜனவரி 9, வியாழன்

காலையில் பனி. செங்கல்பட்டு தாண்டும்வரை கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். வாங்க வேண்டியது: காபித்தூள், குடைமிளகாய், சேதுவுக்கு வெள்ளைச் சட்டை.

சட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு. மாமல்லபுரம் வீட்டில் தூணே இல்லாமல் கடல் பக்கம் நீட்டிய கூரைக்கு அன்று, கான்கிரீட் இறுகும்வரை தாங்க நிறுத்திய சவுக்குக்கட்டை முட்டுகளை எடுக்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். முட்டு உருவும்போது சேது ஐயா கூரைக்குக் கீழே நிற்பார். கட்டிய எல்லா வீட்டிலும் அப்படி நின்றிருக்கிறார். வீட்டை வரைவது அவர், கம்பிக் கணக்கு போடுவது பொண்டாட்டி நான். பேர் அவருக்கு, பயம் எனக்கு.

ஜன. 10, வெள்ளி

சைட். பேய்க்காற்று. கான்கிரீட் போட்ட அன்று எனக்குக் காய்ச்சல், வரவில்லை. இன்று சும்மா கேட்டுவைத்தேன். "கம்பி மேல கால் படாம பலகை போட்டுத்தானே நடந்தீங்க?"

மேஸ்திரி ஏழுமலை சிரித்தார். "இன்னாமா நீ! கம்பிய மிதிக்காம எப்டி சட்டி தூக்கினு போறது?"

நீட்டிய கூரையைத் தாங்குவதே மேல்கம்பிதான். மிதிபட்டு இறங்கியிருந்தால் போச்சு.

சேதுவிடம் சொன்னேன். "உன் கணக்கு என்னிக்குத் தப்பாச்சு?" என்றார். கம்பி சொன்ன இடத்தில் இல்லையென்றால் கணக்கை வைத்து நாக்கு வழிக்கவா? ஓரமாகக் கொத்திப் பார்க்கலாம் என்றேன். "போட்டோ எடுக்க வர்ற நேரத்துல கூரையில ஓட்டையா?"

சாப்பிடப் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் வெள்ளைச் சட்டையோடு அவர் நிற்கிறார், கூரை இறங்குகிறது.

சனி

அவரைக் கேட்கவில்லை. ஏழுமலையை மேலே ஏற்றி, சுவரோரம் கொத்தச் சொன்னேன். மேல்கம்பி கூரையின் பாதிக் கனத்துக்கும் கீழே கிடக்கிறது.

சேது வந்தார். திட்ட வாயெடுத்தவர் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒரு முட்டுலயும் கை வைக்காதீங்க."

அப்பாடா. எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். அழுதால் என்ன, என் புருஷன் பிழைத்தான்.

ஏழுமலைக்கு ரோஷம். "என்னிய மட்டும் மொறைக்காத சார். உன் வூடு எல்லாத்துக்கும் இதே ஆளுங்கதான், இப்டித்தான் போட்டோம். கேளம்பாக்கத்து பால்கனி கூட."

சேது என்னைப் பார்த்தார். கேளம்பாக்கம் பால்கனிக்கும் தூண் கிடையாது. கணக்கு என்னுடையது.

அந்த வீட்டு நம்பரை நான்தான் அழுத்தினேன். வீட்டு உரிமையாளர் எடுத்தார். பின்னால் ஒரே சிரிப்பும் கும்மாளமும்.

"மேடம், நூறு ஆயுசு! பொண்ணுக்கு இன்னிக்கு நிச்சயதார்த்தம். சொந்தக்காரங்க மொத்தப் பேரும் சார் கட்டின பால்கனியிலதான் நிக்கறோம்."