வாசலுக்கு ஒரு தடித்த திரை

அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா,

வாப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் வத்தளையில் சுகம். நான் தங்கியிருக்கும் வீட்டு மட்டக்களப்பு ஷாமினி அக்கா தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிப்பதால், நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடமும் சமையலறை மேசையில்தான் நடக்கிறது. எனக்கென்று புதுச் சட்டி வாங்கி, ஹலால் கோழி தேடிச் சமைக்கிறார். "டீச்சர் காத்துல பறந்துட்டா உங்கட உம்மாக்கு நான் என்ன சொல்ற?" என்று இன்னொரு கரண்டி சோறு போடுவார்.

நேற்று ஒரு சின்ன விசயம். பயப்பட ஒன்றுமில்லை. பகல் சாப்பாட்டுக்கு அவர்களுடைய பாஸ்டர் வந்திருந்தார். கடைக்குட்டி ஜெமிமாவை ஜெபம் சொல்லச் சொன்னார். அவள் இயேசுவுக்கு நன்றி சொல்லி ஆமென் என்றாள். பிறகு, நாம் துஆவை முடிப்பதுபோல, ஏந்திய கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டாள்.

"இத ஆரு மகள் காட்டித் தந்த?" என்று கேட்டார் பாஸ்டர்.

"டீச்சர் தொழுதுட்டு இப்பிடித்தான் செய்யிற."

நான் படிப்பிக்கவில்லை உம்மா. என் அறைக்குக் கதவில்லை, பார்த்திருக்கிறாள். அதைச் சொல்லாமல் பாஸ்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். "கறி ஆறுது, சாப்பிடுங்க பாஸ்டர்," என்றார் அக்கா. இன்று ஒரு கரண்டியோடு நிறுத்திவிட்டார். பிள்ளைகளை மதம் மாற்ற வந்தவள் என்று நினைத்து அனுப்பிவிடுவாரோ தெரியவில்லை.

நம்ம மருதமுனைக் கைத்தறித் துணியில் தடித்ததாக ஒரு திரை தைத்து, கல்முனை பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாது. ஜெமிமா வாசலில் நின்று என்னையே பார்க்கிறாள், முடிக்கிறேன்.

வாப்பா கேட்டால், திரை வெயிலுக்கு என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்
நுஸ்ஹா